சிட்டுக்குருவி சொன்ன விடை: மலேரியா மர்மத்தை அவிழ்த்த ரொனால்ட் ராஸ்

மலேரியா என்றதும் நமக்கு மனிதர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். காய்ச்சல், நடுக்கம், மருத்துவமனைப் படுக்கை. ஆனால் சிட்டுக்குருவிக்கும் மலேரியா வரும். காகத்துக்கும் வரும். பெங்குவினுக்குக்கூட வரும்!

அதுமட்டுமில்லை. மலேரியா ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு எப்படிப் போகிறது? இந்தக் கேள்விக்கு முழுமையான விடை முதன்முதலில் கிடைத்தது ஒரு சிட்டுக்குருவியிடம்தான். இடம் கல்கத்தா. ஆண்டு 1898. அதைக் கண்டுபிடித்தவர் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர்.

அவர் யார்? ஏன் மனிதர்களை விட்டுவிட்டுக் குருவி பின்னால் போனார்? கொசு கடித்தால் பறவைக்கு என்ன ஆகும்? பறவைகள் அதை எப்படிச் சமாளிக்கின்றன?

வாங்க, பார்க்கலாம்.

டாக்டர் ஆக விரும்பாத டாக்டர்

ராஸ் பிறந்தது இந்தியாவில். இமயமலை அடிவாரத்தில் உள்ள அல்மோராவில், 1857ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி. மீரட்டில் சிப்பாய்க் கிளர்ச்சி தொடங்கி மூன்றே நாள் ஆகியிருந்தது. அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி. வீட்டில் 10 பிள்ளைகள். ராஸ்தான் மூத்தவர்.

8 வயதில் அவரைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குப் பிடித்தது கவிதை, இசை, ஓவியம், கணக்கு. மருத்துவம்? கொஞ்சமும் ஆர்வம் இல்லை. ஆனால் அப்பா விடவில்லை. மகன் இந்திய மருத்துவச் சேவையில் சேர வேண்டும் என்று உறுதியாக இருந்தார். அந்தக் கதை நம் வீடுகளுக்கும் புதிதில்லையே!

லண்டனில் உள்ள செயின்ட் பார்தலோமியு மருத்துவமனையில் ராஸ் படித்தார். படிப்பில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஒரு தேர்வில் தோற்றார். இடையில் கொஞ்சக் காலம் கப்பல் மருத்துவராக வேலை பார்த்தார். கடைசியில் 1881ல் இந்திய மருத்துவச் சேவையில் இடம் கிடைத்தது. அவர் போய்ச் சேர்ந்த இடம் மெட்ராஸ் மாகாணம்.

அடுத்த சில ஆண்டுகளில் மெட்ராஸ், பெங்களூர், பர்மா, அந்தமான் என்று மாறி மாறிப் பணி. வேலை அதிகம் இல்லை. நாவல் எழுதினார், கவிதை எழுதினார், கணக்குப் போட்டார். மருத்துவத்தில் மட்டும் மனம் ஒட்டவில்லை.

தொட்டியில் தேங்கிய தண்ணீர்

1883ல் பெங்களூரில் ஒரு சின்ன விஷயம் நடந்தது.

ராஸ் தங்கியிருந்த பங்களாவில் கொசுத்தொல்லை தாங்க முடியவில்லை. ஏன் தம் அறையில் மட்டும் இவ்வளவு கொசு என்று தேடிப் பார்த்தார். வெளியே இருந்த ஒரு தொட்டியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்குள் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. அவ்வளவுதான்!

அப்போது கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு உண்டு என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தண்ணீரை அகற்றினால் கொசுவை ஒழிக்கலாம் என்ற பாடம் மனத்தில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் அவர் உலகம் முழுக்கப் போய்ச் சொன்னதும் இதையேதான்.

லண்டனில் ஒரு சந்திப்பு

அந்தக் காலத்தில் மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் பலரும் நம்பினார்கள். அந்தப் பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

1880ல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அல்போன்ஸ் லாவெரான், நோயாளியின் இரத்தத்தில் உயிருள்ள ஒட்டுண்ணியைப் பார்த்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, உக்ரேனில் உள்ள கார்கிவ் நகரில் வசிலி டனிலெவ்ஸ்கி என்ற அறிவியலாளர் பறவைகளின் இரத்தத்திலும் அதே மாதிரியான ஒட்டுண்ணிகளைக் கண்டார்.

அதாவது, நோய்க்குக் காரணம் காற்று இல்லை, ஒட்டுண்ணி. சரி. ஆனால் அது ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு எப்படிப் போகிறது? யாருக்கும் தெரியவில்லை.

ராஸ் முதலில் இதை நம்பவே இல்லை. 1894ல் விடுப்பில் லண்டன் போனபோது பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவரைச் சந்தித்தார். மேன்சன் அவருக்கு நுண்ணோக்கியில் அந்த ஒட்டுண்ணியைக் காட்டினார். ராஸின் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

மேன்சனிடம் ஒரு யோசனையும் இருந்தது. கொசு மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடிக்கிறது. பிறகு தண்ணீரில் விழுந்து சாகிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது. இப்படித்தான் மேன்சன் நினைத்தார்.

கொசு என்பது சரி. தண்ணீர் என்பது தப்பு. ஆனால் அந்தப் பாதிச் சரியான யோசனைதான் ராஸின் வாழ்க்கையையே மாற்றியது.

ஒரு கொசுவுக்கு ஓர் அணா

1895ல் இந்தியா திரும்பிய ராஸ், செகந்திராபாத்தில் மெட்ராஸ் படைப்பிரிவு ஒன்றின் மருத்துவராக இருந்துகொண்டே ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

கொசுவைப் பிடிக்க வேண்டும். நோயாளியைக் கடிக்க வைக்க வேண்டும். பிறகு ஊசிமுனையால் கொசுவின் வயிற்றைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வெயிலோ கொளுத்தும். மின்விசிறி கிடையாது. கைவிசிறியும் போட முடியாது, பிரித்து வைத்த கொசு பறந்துவிடும்! நெற்றி வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகளே துருப்பிடித்துப் போயின.

இரண்டு ஆண்டு இப்படியே ஓடியது. பலன் பூஜ்யம்.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. அவர் சோதித்தவை எல்லாம் தப்பான கொசுக்கள். மனித மலேரியாவைப் பரப்புவது அனோஃபிலிஸ் என்ற வகை மட்டுமே. அவர் கையில் இருந்தவையோ பெரும்பாலும் கியூலெக்ஸ், ஏடிஸ் வகைகள்.

1897ல் விடுப்பில் ஊட்டிக்குப் போனார். பக்கத்தில் உள்ள சீகூர் மலைச்சரிவு மலேரியாவுக்குப் பேர்போன இடம். ஆராய்ச்சிக்காக அங்கே இறங்கிப் போனவருக்கே மலேரியா வந்துவிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், செகந்திராபாத்தில் இறக்கையில் புள்ளிகள் கொண்ட புதிய வகைக் கொசுக்கள் அவரிடம் வந்து சேர்ந்தன. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி அவற்றுக்குக் கை கொடுத்தார். கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா கூலி.

ஆகஸ்ட் 20ஆம் தேதி. அந்தக் கொசுக்களில் மிச்சம் இருந்தவை கொஞ்சம்தான். ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். வயிற்றுச் சுவரில் உருண்டையான அணுக்கள். அவற்றுக்குள் கறுப்புப் புள்ளிகள். மலேரியா ஒட்டுண்ணியில் இருக்கும் அதே புள்ளிகள்! மறுநாள் இன்னொரு கொசுவைப் பிரித்தார். அதே அணுக்கள், கொஞ்சம் பெரிதாக வளர்ந்திருந்தன.

அந்த மகிழ்ச்சியில் ஒரு கவிதை எழுதி மனைவிக்கு அனுப்பினார் ராஸ். இன்றும் ஆகஸ்ட் 20ஆம் தேதி உலகக் கொசு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

நோயாளி இல்லை, குருவி இருக்கிறதே!

கதை இங்கே முடியவில்லை. கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணி வளர்கிறது என்பது மட்டுமே தெரிந்தது. அதற்குப் பிறகு அது எங்கே போகிறது? இன்னோர் உடலுக்குள் எப்படி நுழைகிறது?

விடை தேடுவதற்குள் ராஜபுதனத்தில் உள்ள கேர்வாராவுக்கு மாற்றல் வந்துவிட்டது. அங்கே மலேரியா நோயாளிகளே அரிது. ராஸ் நொந்துபோனார். மேன்சன் லண்டனிலிருந்து முயற்சி எடுத்தார். 1898 தொடக்கத்தில் ராஸுக்குக் கல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடம் கிடைத்தது.

ஆனால் அங்கே வேறு சிக்கல். அது கொள்ளைநோய்க் காலம். பிளேக் தடுப்பூசி பற்றி ஊர் முழுக்கப் பயம். ஊசியோடு வரும் வெள்ளைக்கார மருத்துவரைப் பார்த்தாலே மக்கள் ஓடினார்கள். விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை.

சரி, மனிதர் வேண்டாம். பறவை போதும் என்று முடிவெடுத்தார் ராஸ். டனிலெவ்ஸ்கி காட்டிய வழி இருந்தது. 1897ல் வட அமெரிக்காவில் வில்லியம் மெக்கல்லம் என்ற இளம் ஆய்வாளர், காகங்களின் இரத்தத்தில் இந்த வகை ஒட்டுண்ணியின் ஆணும் பெண்ணும் சேர்வதைப் பார்த்திருந்தார். பறவைகள் நல்ல வழிகாட்டிகள் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான்.

காகம், புறா, வானம்பாடி, சிட்டுக்குருவி எல்லாம் கூண்டுக்கு வந்தன. ராஸ் தம் கைக்காசில் உதவியாளர்களை அமர்த்தினார். அவர்களில் கடைசிவரை கூட இருந்தவர் முகமது பக்ஸ். பறவை பிடிப்பது, கொசு வளர்ப்பது, கூண்டுகளைப் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் அவர் கைவண்ணம். நோபெல் பரிசுக் கதைகளில் அவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த ஆய்வு நகர்ந்திருக்காது.

1009, 292, 0

ராஸ் செய்த சோதனை எளிமையானது.

மூன்று சிட்டுக்குருவிகளை எடுத்துக்கொண்டார்.

● ஒன்றின் இரத்தத்தில் ஒட்டுண்ணி நிறைய
● இன்னொன்றில் கொஞ்சம்
● மூன்றாவதில் எதுவும் இல்லை

கூண்டுகளைக் கொசுவலைக்குள் வைத்து, இரவில் கொசுக்களை உள்ளே விட்டார். பிறகு ஒவ்வொரு குருவியையும் கடித்த 10 கொசுக்களைப் பிரித்து, வயிற்றில் உள்ள அணுக்களை எண்ணினார்.

ஒட்டுண்ணி நிறைய இருந்த குருவியைக் கடித்த கொசுக்களில் 1009 அணுக்கள். கொஞ்சம் இருந்த குருவியைக் கடித்தவற்றில் 292. ஆரோக்கியமான குருவியைக் கடித்தவற்றில் ஒன்றுகூட இல்லை.

கணக்குப் பிடித்த மனிதர் அல்லவா? எண்ணிக்கையே பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்து, அந்த அணுக்கள் என்ன ஆகின்றன என்று நாள்தோறும் பார்த்தார். அவை பெருத்து வெடித்தன. உள்ளிருந்து நூல் போன்ற மெல்லிய உயிரிகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்து, கொசுவின் உடல் முழுக்கப் பரவின. ஆனால் போய்ச் சேரும் இடம் எது?

1898 ஜூலை 4ஆம் தேதி அதையும் பார்த்துவிட்டார். கொசுவின் எச்சில் சுரப்பி! கொசு கடிக்கும்போது முதலில் எச்சிலைத்தான் உள்ளே செலுத்தும். அந்த எச்சிலோடு ஒட்டுண்ணியும் இறங்குகிறது. கெட்ட காற்றும் இல்லை, குடிக்கும் தண்ணீரும் இல்லை. கடிதான் காரணம்.

கடைசியாக ஒரு சோதனை. ஒட்டுண்ணி சுமந்த கொசுக்களை ஆரோக்கியமான சிட்டுக்குருவிகளைக் கடிக்க விட்டார். 28 குருவிகளில் 22க்கு நோய் வந்தது. அவற்றின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் மொய்த்தன.

அந்த மாதமே எடின்பரோவில் நடந்த பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் மேன்சன் இந்தச் செய்தியை அறிவித்தார்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். பறவைகளுக்கு வரும் மலேரியா மனிதர்களுக்குத் தொற்றாது. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு இனங்கள். பறவை மலேரியாவைப் பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு பரப்புகிறது. ஆக, மனித மலேரியாவுக்குத் தப்பான கொசு என்று ராஸை இரண்டு ஆண்டு அலைக்கழித்த அதே வகைதான் குருவிக்குச் சரியான கொசு!

கொசு கடித்தபின் குருவிக்கு என்ன ஆகிறது?

ராஸுக்குக் குருவி ஒரு கருவி. மனித நோயைப் புரிந்துகொள்ள ஒரு வழி. ஆனால் குருவியின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்க.

ஒட்டுண்ணி முதலில் உள்ளுறுப்புகளில் பெருகும். பிறகு சிவப்பணுக்களுக்குள் நுழையும். அணுக்கள் உடைய உடைய, இரத்தச்சோகை வரும். மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும். பறவை சோர்ந்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பறக்க முடியாத பறவை பூனைக்கோ பருந்துக்கோ சுலபமான இரை.

இந்தக் கட்டத்தைத் தாண்டிய பறவை பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒட்டுண்ணி முழுசாகப் போகாது. இரத்தத்தில் மிகக் குறைந்த அளவில், பல நேரம் வாழ்நாள் முழுக்க ஒளிந்திருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் உடல் களைத்திருக்கும்போது மறுபடி தலைதூக்கும்.

அப்படி ஒளிந்திருந்தால் பாதிப்பு உண்டா? உண்டு.

● ஸ்பெயினில் தகைவிலான் வகைப் பறவைகளுக்கு மலேரியா மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவை கூடுதல் முட்டையிட்டன. கூடுதல் குஞ்சுகளையும் வளர்த்தன.
● சுவீடனில் நாணல் புதர்களில் வாழும் ஒரு கதிர்க்குருவி இனத்தைப் பல ஆண்டு கவனித்தார்கள். வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும், உள்ளே மலேரியா இருந்தவை சீக்கிரம் மூப்படைந்தன. ஆயுளும் குறைவு.

பறவைகள் சும்மா இருக்குமா?

இல்லவே இல்லை. பறவையும் ஒட்டுண்ணியும் பல லட்சம் ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கின்றன. பறவையிடம் பல அடுக்குத் தற்காப்பு இருக்கிறது.

முதல் அடுக்கு, கடிக்க விடாமல் பார்த்துக்கொள்வது. கொசு வந்தால் தலையை உதறும், காலைத் தட்டும், அலகால் கொத்தும். தூங்கும்போது அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொள்வதும், ஒரு காலை உள்ளிழுத்துக்கொள்வதும் குளிருக்கு மட்டும் உதவுவதில்லை. இறகு இல்லாத இடம்தான் கொசுவுக்கு வாசல். அந்த வாசல் மூடிவிடுகிறது.

இரண்டாவது, கோதுதல். புறா மணிக்கணக்கில் இறகைக் கோதுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக என்று நினைக்காதீங்க! மேல் அலகின் நுனி கீழ் அலகைவிடக் கொஞ்சம் நீண்டு வளைந்திருக்கும். அந்தச் சின்ன வளைவுதான் பேன் நசுக்கும் கருவி. ஆய்வாளர்கள் அந்த நுனியை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டுப் பார்த்தபோது புறாக்களின் உடலில் பேன் பெருகிவிட்டது. அலகு எட்டாத தலைக்கும் கழுத்துக்கும் கால்நகம் இருக்கிறது.

மூன்றாவது, குளியல். தண்ணீர்க் குளியல், மண் குளியல், வெயில் குளியல். சிட்டுக்குருவி புழுதியில் புரள்வது விளையாட்டு மாதிரி தெரியும். உண்மையில் அது உடல் பராமரிப்பு.

நான்காவது, கூட்டு மருத்துவம். கார்சிகா தீவில் நீலச்சிட்டுகள் லாவெண்டர், புதினா வகைச் செடிகளின் வாசனைத் துண்டுகளைக் கொண்டுவந்து கூட்டில் வைக்கின்றன. இந்தியாவில் சிட்டுக்குருவிகள் கூட்டில் வேப்பிலை வைப்பதை 1981ல் வெளியான ஓர் ஆய்வு விவரித்தது. நம் பாட்டிமார் அரிசிப் பானையில் வேப்பிலை போட்டது நினைவுக்கு வருகிறதா? மெக்சிகோ நகரில் குருவிகள் சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிக் கூட்டில் வைக்கின்றன. நிக்கோட்டின் வாடையில் கூட்டுப் பூச்சி குறைகிறது. ஆனால் குஞ்சுகளின் அணுக்களில் பாதிப்பும் தெரிகிறது. நகரம் கொடுக்கும் மருந்துக்கு விலையும் உண்டு!

ஐந்தாவது, உள்ளே நடக்கும் போர். மண்ணீரல் ஒரு வடிகட்டி மாதிரி, கெட்டுப்போன சிவப்பணுக்களைப் பிடித்து அழிக்கும். ஒரு முறை நோயிலிருந்து மீண்ட பறவையின் எதிர்ப்புச் சக்தி, அதே ஒட்டுண்ணி மறுபடி வந்தால் அடையாளம் கண்டு அடக்கிவைக்கும்.

இதோடு இன்னொரு யோசனையும் உண்டு. 1982ல் வில்லியம் ஹேமில்டன், மார்லீன் ஸுக் இருவரும் ஒரு கருத்தை முன்வைத்தனர். ஆண் பறவையின் பளிச்சென்ற நிறம், அதற்கு ஒட்டுண்ணித் தொல்லை குறைவு என்பதற்கான விளம்பரமாக இருக்கலாம் என்றார்கள். பெண் பறவை நிறத்தைப் பார்த்து ஆரோக்கியத்தைத் தேர்ந்தெடுக்கிறதாம்! அது எல்லாப் பறவைகளுக்கும் பொருந்துமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

பரிசும் சண்டையும்

ராஸின் கதைக்குத் திரும்புவோம்.

குருவியில் நிரூபித்ததை மனித மலேரியாவிலும் நிரூபிக்க ராஸ் துடித்தார். ஆனால் அரசாங்கம் அவரைக் காலா அசார் என்ற வேறொரு நோயை ஆராய அசாமுக்கு அனுப்பியது. அதற்குள் இத்தாலியில் ஜொவானி பத்திஸ்தா கிராஸியும் அவருடைய கூட்டாளிகளும் 1898 இறுதியில் மனித மலேரியாவை அனோஃபிலிஸ் பரப்புவதை நிரூபித்துவிட்டார்கள்.

முதலில் கண்டுபிடித்தது யார்? பெரிய சண்டை மூண்டது. ராஸ் வாயை மூடிக்கொண்டு இருக்கும் ஆள் இல்லை. கிராஸியைக் கடுமையாகச் சாடினார். கிராஸியும் விடவில்லை. பிற்காலத்தில் ராஸ், தமக்கு வழிகாட்டிய மேன்சனோடும் மனம் கசந்தார்.

1902ல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு ராஸுக்கு மட்டுமே கிடைத்தது. பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் நோபெல் பரிசு அது. கிராஸிக்கு எதுவும் இல்லை. அது நியாயமா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

ராஸ் 1899லேயே இந்தியாவை விட்டுப் புறப்பட்டு, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். சியரா லியோன், சூயஸ் கால்வாய் ஓர நகரமான இஸ்மாயிலியா, மொரிஷியஸ் என்று பல இடங்களுக்குப் போய்க் கொசு ஒழிப்புக்கு ஆலோசனை சொன்னார். தமக்குப் பிடித்த கணக்கையும் விடவில்லை. நோய் எப்படிப் பரவும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார். ஒரு கொசுவைக்கூட விடாமல் கொல்ல வேண்டியதில்லை, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கோவிட் காலத்தில் நாம் கேட்ட நோய்ப்பரவல் கணிப்புகளுக்கு முன்னோடி அது.

நம் வட்டாரத்துக்கு வந்த பாடம்

ராஸின் கண்டுபிடிப்பு மலாயாவுக்கும் வந்தது. அதில் தமிழர்களின் உயிர் சம்பந்தப்பட்டிருந்தது.

காட்டை அழித்து ரப்பர்த் தோட்டம் போட்ட காலம். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் தோட்டங்களில் மலேரியாவுக்குக் கொத்துக் கொத்தாகப் பலியானார்கள். 1901ல் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், ராஸ் சொன்னதைச் செயலில் காட்டினார். சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டினார். புதர்களை அகற்றினார். கொசு குறைந்தது. காய்ச்சலும் சாவும் மளமளவென்று குறைந்தன. பிறகு தோட்டங்களுக்கும் அந்த முறை பரவியது. வாட்சன் பிற்காலத்தில் லண்டனில் ராஸின் பெயரில் அமைந்த ஆய்வுக்கழகத்திலேயே பணியாற்றினார்.

சிங்கப்பூரை மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 1982ல் சான்றளித்தது.

ராஸ் 1911ல் சர் பட்டம் பெற்றார். 1927ல் கல்கத்தாவில் அவர் ஆய்வு செய்த மருத்துவமனையில் நினைவு வாயில் திறக்கப்பட்டபோது நேரில் வந்திருந்தார். அதே ஆண்டு பக்கவாதம் தாக்கியது. 1932 செப்டம்பர் 16ஆம் தேதி லண்டனில், 75 வயதில் காலமானார்.

ஹவாயில் அதே கொசு, அதே ஒட்டுண்ணி

ராஸ் போய்விட்டார். குருவியின் மலேரியா போகவில்லை.

ஹவாய்த் தீவுகளில் ஒரு காலத்தில் கொசுவே கிடையாது. 1826ல் மாவி தீவுக்கு வந்த ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்களில் கியூலெக்ஸ் கொசுப்புழுக்கள் வந்து இறங்கின. பிறகு வெளிநாட்டுப் பறவைகளோடு மலேரியா ஒட்டுண்ணியும் வந்து சேர்ந்தது. இரண்டும் நமக்குப் பழக்கமானவைதான். ராஸ் கல்கத்தாவில் ஆராய்ந்த அதே கொசு இனம், அதே பறவை மலேரியா.

சிட்டுக்குருவிக்கும் ஒட்டுண்ணிக்கும் நெடுநாள் பழக்கம். ஹவாயின் தேன்குருவிகளுக்கோ இந்த எதிரியைப் பார்த்த அனுபவமே இல்லை. ஈஈவி என்ற சிவப்புத் தேன்குருவியை நோயுள்ள ஒரே ஒரு கொசு ஒரே ஒரு முறை கடிக்க விட்டுச் சோதித்தார்கள். 10ல் 9 இறந்தன.

தாழ்நிலக் காடுகள் மௌனமாகிவிட்டன. மிச்சம் இருக்கும் பறவைகள் குளிரான மலை உச்சிகளில் ஒதுங்கின. அங்கே குளிரில் கொசுவும் பெருகாது, கொசுவுக்குள் ஒட்டுண்ணியும் வளராது. ஆனால் பூமி சூடாகச் சூடாக, கொசு மேலே ஏறிக்கொண்டே வருகிறது. மலைக்கோ உச்சி ஒன்றுதான். அதற்கு மேல் பறவை எங்கே போகும்?

2023ல் அமெரிக்க அரசு அழிந்துவிட்டதாக அறிவித்த இனங்களில் 8 ஹவாய்ப் பறவைகளும் இருந்தன. கொசு பரப்பும் நோயே அவற்றின் அழிவுக்கு ஒரு முக்கியக் காரணம்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அமகிஹி என்ற இன்னொரு தேன்குருவி தாழ்நிலத்திலேயே நோயோடு வாழக் கற்றுக்கொண்டு வருகிறது. முதலில் ஏராளமானவை செத்தன. தாங்கும் திறன் உள்ளவை மட்டும் பிழைத்துக் குஞ்சு பொரித்தன. அந்தத் திறன் தலைமுறை தலைமுறையாகப் பரவுகிறது. ஆனால் எண்ணிக்கை ஏற்கெனவே குறைந்துபோன இனங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

அதனால் மனிதர்கள் கைகொடுக்கிறார்கள். வொல்பாக்கியா கிருமி ஏற்றப்பட்ட ஆண் கொசுக்கள் மாவி தீவின் காடுகளில் 2023லிருந்து விடப்படுகின்றன. ஆண் கொசு கடிக்காது. அதோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா? ஆமாம். 2016லிருந்து நம் புளோக்குகளில் தேசியச் சுற்றுப்புற அமைப்பு இதே முறையைத்தான் பயன்படுத்திவருகிறது. இங்கே டெங்கிக்கு எதிராக ஏடிஸ் கொசு. அங்கே பறவைகளைக் காப்பாற்ற கியூலெக்ஸ் கொசு.

1898ல் மனிதர்களைக் காப்பாற்ற வழிதேடிய ராஸுக்குக் குருவிகள் உதவின. அவற்றில் 22 அதற்காக நோய்வாய்ப்பட்டன. இன்று மனிதர்களுக்காகப் பழகிய ஒரு முறை பறவைகளின் உதவிக்குப் போகிறது.

கடன் தீர்ந்ததா என்றால், இன்னும் இல்லை. கொசு நம்மால் போன இடம்தானே!

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது, 1883ல் ராஸ் பெங்களூரில் செய்த அதே வேலைதான். பூந்தொட்டித் தட்டிலும் வாளியிலும் தண்ணீர் தேங்கியிருக்கா என்று பாருங்க. இருந்தா, கவிழ்த்திடுங்க.